தி ஹேட்டிங் கேம்: நாவலா, படமா?

சாலி தோர்னின் 2016 நாவலை முதலில் படியுங்கள். 2021-இல் வந்த படம் அப்புறம். லூசியும் ஜோஷுவாவும் ஒரே பதிப்பகத்தில், எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்து நாள் முழுக்க முறைத்துக்கொள்பவர்கள். நாவலில் கதை சொல்வது லூசி. அவன் சட்டைகள் வெள்ளையில் தொடங்கிக் கறுப்பு வரை எந்த வரிசையில் வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். பிடிக்காதவன் சட்டையை யார் இவ்வளவு கவனிப்பார்கள்? அவளே உணராத காதல் நமக்கு அங்கேயே பிடிபட்டுவிடுகிறது. படத்தில் இருவரையும் வெளியே நின்றுதான் பார்க்கிறோம். அந்தச் சுகம் குறைவு. நடித்திருக்கும் லூசி ஹேல், ஆஸ்டின் ஸ்டோவல் நல்ல ஜோடி, சரி. லிஃப்ட் முத்தமும் திரையில் அழகு. ஆனால் காய்ச்சலில் விழுந்தவளை அவன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் பக்கங்களுக்காகவே நான் நாவலை மறுபடி எடுத்தேன்.