எங்கள் ஜிம்மியின் சிறுநீரகமும் வேப்பேரி மாட்டாஸ்பத்திரியும்

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் இருந்துகொண்டு, வீட்டு நாய்க்கு ஏதோ பெரிய நோய் என்று பயந்துபோயிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யோசிக்காமல் வேப்பேரிக்குக் கூட்டிப்போங்கள். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியைத்தான் சொல்கிறேன். 1903-இல் ஆரம்பித்த கல்லூரி. எங்கள் மாமியாருக்கு அது இன்றைக்கும் மாட்டாஸ்பத்திரிதான்.

ஜிம்மிக்கு ஒன்பது வயது. பாதி லாப்ரடார், பாதி தெரு நாய். என் இரண்டு பிள்ளைகளும் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். போன ஐப்பசி மழைக்கு அப்புறம் அவன் தண்ணீர் குடிப்பது கூடிக்கொண்டே போனது. சட்டியை நிரப்பி வைத்துவிட்டுத் திரும்பினால் காலியாக இருக்கும். ராத்திரியில் கதவைப் பிறாண்டுவான். வீட்டுக்குள் ஒருநாளும் மூத்திரம் போகாதவன், என் தையல் மெஷினுக்கு அடியில் போய்விட்டுத் தலையைத் தொங்கப் போட்டபடி நின்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் வாந்தி, வாயில் ஒரு மாதிரி நாற்றம், முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிற அளவுக்கு இளைப்பு.

முதலில் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். இரத்தம்கூட எடுக்கவில்லை. ஒரு ஊசியைப் போட்டு, "வயசாயிடுச்சும்மா, இனிமே இப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்பது வயது என்பது ஒரு நோயா?

நாயோடு நின்றால் பாதி ஆட்டோக்கள் நிற்காது. எங்கள் தெருத் தம்பி ஒருவர்தான் சீட்டில் சாக்கை விரித்து ஏற்றிக்கொண்டு, பேசின் பிரிட்ஜ், சூளை வழியாகக் கொண்டுபோய் இறக்கினார். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். கூடையில் பூனை, கயிற்றில் ஆடு, தோளில் குழந்தையைப் போட்ட மாதிரி ஒரு பொமரேனியன் என்று எல்லாரும் கையில் சீட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடத்தில் யாரும் யாரையும் 'நாய்க்குப் போய் இவ்வளவு செலவா' என்று கேட்பதில்லை. எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

ஜிம்மியைப் பார்த்த டாக்டரம்மா ஊசியைத் தொடுவதற்கு முன்னால் கேள்வியாகக் கேட்டார். "மழைத்தண்ணில நடந்தானா? வீட்டுப் பக்கம் எலி அதிகமா? மனுஷங்க போடற வலி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?" சுற்றி நின்ற மாணவர்களுக்கும் எனக்கும் சேர்த்தே காரணத்தையும் சொன்னார். தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருந்தால் லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வரும். அது நாயின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடிக்கும், மனிதருக்கும் தொற்றும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வருடா வருடம் முட்டி ஆழம் தண்ணீர் நிற்கிற எங்கள் பகுதியில் நாய் வளர்க்கிற எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். லெப்டோவுக்குத் தடுப்பூசி உண்டு, அதை வருடம் தவறாமல் போட வேண்டும்.

காது மடல், விரல் இடுக்கு எல்லாம் உண்ணி தேடினார்கள். இரத்தம், மூத்திரம், ஸ்கேன், பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். எலிக்காய்ச்சல் இல்லை, உண்ணிக் காய்ச்சலும் இல்லை. ஆனால் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, இரத்தத்தில் 4.1. ஆரோக்கியமான நாய்க்கு அது 1.4-க்குள் இருக்க வேண்டுமாம். சிறுநீரகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வேலை செய்யாமல் போன பிறகுதான் இந்த எண் ஏறவே ஆரம்பிக்கும் என்று அவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது.

எங்கள் வீட்டுக்காரர் நேராகவே கேட்டுவிட்டார், எவ்வளவு நாள் இருப்பான் என்று. "தேதி போட்டுச் சொல்ல முடியாது சார். குணமாகும்னும் சொல்ல மாட்டேன். ஆனா நல்லா வச்சுக்கலாம். சாப்பிடறானா, உங்களப் பார்த்தா வால ஆட்டறானா, அதைப் பார்த்துக்கிட்டே போவோம்" என்றார் டாக்டரம்மா. நான் இந்த ஆஸ்பத்திரியை நம்புவது இந்தப் பேச்சுக்காகத்தான். பொய்யாக ஆசை காட்டவும் இல்லை, 'முடிந்தது' என்று கையை விரிக்கவும் இல்லை.

அங்கே நாய்களுக்கு டயாலிசிஸ் வசதியும் இருக்கிறது. அதைக் கேட்டு நான் கெஞ்சினேன். திடீரென்று பழுதான சிறுநீரகத்தைத் தேறுகிறவரை தாங்கிப் பிடிக்கத்தான் அது அதிகம் உதவும், ஜிம்மிக்கு வந்திருப்பது நாள்பட்ட கோளாறு, இப்போதைக்கு டிரிப்ஸ் போதும் என்று பொறுமையாக விளக்கினார்கள். முதலில் அங்கேயே எவர்சில்வர் மேஜையில் படுக்க வைத்து முன்னங்காலில் ஏற்றினார்கள். அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

அதற்குப் பிறகு வீட்டிலேயே தோலுக்கடியில் ஏற்றக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பயிற்சி மாணவி, சின்னப் பெண்தான், தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கி ஊசியை எப்படிச் செருகுவது என்று என் கையைப் பிடித்துக் காட்டினாள். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஏற்றினால் நாய்க்குக் குளிராது. ஏற்றிய இடம் உப்பிக்கொண்டு, மெதுவாக வடியும், பயப்பட வேண்டாம். ஆனால் எவ்வளவு ஏற்றுவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதயக் கோளாறு இருக்கிற நாய்க்கு இது ஆபத்து.

சாப்பாட்டில்தான் கஷ்டம். காசிமேட்டு மீன் வாங்கிச் சமைக்கிற வீட்டில் நாய்க்கு மீன் தலை இல்லை, கருவாடு இல்லை, எலும்பு இல்லை என்றால் எப்படி? பாஸ்பரஸும் உப்பும் குறைய வேண்டும் என்று அத்தனையையும் நிறுத்தச் சொன்னார்கள். சோறு, வேக வைத்த முட்டையின் வெள்ளைக்கரு, கொஞ்சமாகக் கோழிக்கறி. சிறுநீரக நோய்க்கென்றே விற்கும் தீனியும் உண்டு, அதன் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதைச் சொன்னதும் முகம் சுளிக்காமல் வீட்டுச் சாப்பாட்டுக்கே அளவு எழுதிக் கொடுத்தார்கள்.

கடைசியாகப் பார்த்தபோது கிரியாட்டினின் 2.6. வாந்தி நின்றிருக்கிறது. பால்காரர் சத்தம் கேட்டால் குரைக்கிறான். மாமியார் கருவாடு வறுக்கும்போது மட்டும் அவனை மாடிக்குக் கூட்டிப்போய்விடுகிறோம்.

போகிறவர்களுக்கு: பழைய சீட்டு, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். காலையில் போகும் முதல் மூத்திரத்தைச் சுத்தமான டப்பாவில் பிடித்துப்போக முடிந்தால் நல்லது. எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று ஒரு நாள் அளந்து வையுங்கள், கட்டாயம் கேட்பார்கள். கழுத்துப்பட்டையும் கயிறும் உறுதியாக இருக்கட்டும், பக்கத்திலேயே ஆடு நிற்கும். வாய்க்கட்டு இல்லாவிட்டால் ஒரு பழைய துப்பட்டா போதும்.