லிப்பேஸ் நொதிக் கேப்சூல்: புற்றுநோயைத் தடுக்கும் என்ற உரிமைகோரல் எவ்வளவு உண்மை?

கொழுப்பைச் செரிக்கும் லிப்பேஸ் நொதியைக் கேப்சூலில் அடைத்து, உயிரணுக்களின் கொழுப்பு வளர்சிதை மாற்றத்தைச் சீராக்கிப் புற்றுநோயைத் தடுக்கும் என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் ஓர் ஊட்டச்சேர்க்கையை வாங்கிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை; இதே உரிமைகோரலோடு வரும் தயாரிப்பு எதுவாயினும் இம்மதிப்பீடு அதற்கும் பொருந்தும்.

கேப்சூலைப் பிரித்தால் உள்ளே வெறும் தூள்தான் இருக்கிறது. கணைய லிப்பேஸ் இரைப்பை அமிலத்தில் செயலிழந்துவிடும் என்பதால், மருத்துவர் எழுதித் தரும் கணைய நொதி மருந்துகளில் அது பெரும்பாலும் அமிலத்தில் கரையாத பூச்சிட்ட சிறுமணிகளாகவே இருக்கும். பூஞ்சையிலிருந்து எடுக்கும் லிப்பேஸ் அமிலத்தை ஓரளவு தாங்கும். ஆனால் இந்த நொதி எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று லேபிளில் எங்கும் இல்லை. இதை ஒரு பெரிய குறையாகவே கருதுகிறேன்.

அதைவிடப் பெரிய குறை அந்த உரிமைகோரலில்தான் இருக்கிறது. விழுங்கிய லிப்பேஸ் குடலில் உணவுக் கொழுப்பை உடைத்துவிட்டு, மற்றப் புரதங்களைப் போலவே தானும் செரிக்கப்பட்டுவிடும். உயிரணுவுக்குள் கொழுப்பைக் கையாளும் நொதிகளோ அந்த உயிரணு தன் மரபணுக்களின்படி தானே உருவாக்கிக்கொள்பவை. கேப்சூல் வழியாக அவற்றைக் கூட்டவோ சீராக்கவோ முடியாது. கூட்டுவது நல்லதுமில்லை. கொழுப்பு அமில சிந்தேஸ் என்னும் நொதி, மார்பகம், புராஸ்டேட் உள்ளிட்ட பல புற்றுநோய்களில் மிகையாகக் காணப்படுகிறது. வேகமாகப் பெருகும் உயிரணுக்கள் புதிய சவ்வுகளுக்கான கொழுப்பை அதைக் கொண்டே தயாரித்துக்கொள்கின்றன. ஆகவே ஆய்வாளர்கள் இந்த நொதியை முடக்கும் வழியைத்தான் தேடிவருகிறார்கள். உடல் பருமனுக்குத் தரப்படும் ஆர்லிஸ்டாட் குடலின் லிப்பேஸை முடக்கும் மருந்து. அது ஆய்வகச் சோதனைகளில் இந்தச் சிந்தேஸையும் முடக்கியது கவனிக்கத்தக்கது.

கொழுப்பு சார்ந்த நொதி ஒன்றைக் கட்டுப்படுத்திப் புற்றுநோயைக் குறைத்ததற்கு நல்ல சான்று ஆஸ்பிரின். அராக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தை, அழற்சியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளாக மாற்றும் காக்ஸ் நொதிகளை அது தடுக்கிறது. லிஞ்ச் நோய்த்தொகுதி என்னும் பரம்பரைக் கோளாறு உள்ளவர்களில், தினமும் 600 மி.கி. வீதம் குறைந்தது 2 ஆண்டுகள் அதை உட்கொண்டவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைந்தது. இரத்தக்கசிவு அபாயம் இருப்பதால் அதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

நொதிச் சிகிச்சைக்கு நூறாண்டு வரலாறு உண்டு என்கிறது பெட்டியில் உள்ள துண்டறிக்கை. கருவியல் ஆய்வாளரான ஜான் பியர்ட் 1911-இல் புற்றுநோய்க்கான நொதிச் சிகிச்சை பற்றி நூலே எழுதினார் என்பது உண்மை. ஆனால் கணையப் புற்றுநோயாளிகளிடம் கணைய நொதிகளை மையமாகக் கொண்ட சிகிச்சையைக் கீமோதெரபியோடு ஒப்பிட்டு 2010-இல் வெளியான ஆய்வில், உயிர்வாழ்ந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) கீமோதெரபி பெற்றவர்களுக்கு 14 மாதங்கள். நொதிச் சிகிச்சையைத் தேர்ந்தவர்களுக்கு 4.3 மாதங்கள். துண்டறிக்கை இதைச் சொல்லாமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களுக்கும் கணையம் அகற்றப்பட்டவர்களுக்கும் லிப்பேஸ் உண்மையிலேயே தேவை; அவர்களுக்கு உரிய மருந்தும் அளவும் மருத்துவரிடம் உள்ளன. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, காரணமின்றி எடையும் குறைந்தால் இந்தப் புட்டியை வாங்க வேண்டாம். அது கணைய நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் உடனே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.