ஐ-ஓப்பனர்: 99 டாலர் பெட்டியில் ஹார்ட் டிஸ்க்

பழைய சாமான் விற்பவரிடம் கிடைத்த நெட்ப்ளையன்ஸ் ஐ-ஓப்பனரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். இணையமும் மின்னஞ்சலும் பார்ப்பதற்கென்றே நெட்ப்ளையன்ஸ் நிறுவனம் 2000-இல் அமெரிக்காவில் 99 டாலருக்கு விற்ற சாதனம், மாத இணையச் சந்தா 21.95 டாலர். லாபம் சந்தாவில்தான், பெட்டியை நஷ்டத்துக்கே தள்ளினார்கள். உள்ளே வின்சிப் பிராசஸர், 32 எம்பி ரேம், 16 எம்பி ஃபிளாஷில் க்யூஎன்எக்ஸ் என்ற இயங்குதளம். கீபோர்டில் பீட்சாவுக்கென்றே தனி பொத்தான், சத்தியமாக!

போர்டில் ஹார்ட் டிஸ்க் மாட்டும் 44 பின் ஐடிஇ இணைப்பு இருப்பதை லாஸ் வேகஸ்காரர் ஒருவர் கண்டுபிடித்ததும், லேப்டாப் டிஸ்க் மாட்டி முழுக் கம்ப்யூட்டராக்க ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆனால் பின் வரிசை இடம் மாறியிருக்கும், சாதாரண கேபிள் ஆகாது. நான் அவசரத்தில் ஒரு வயரை மாற்றிப் பற்றவைத்துவிட்டு இரண்டு ராத்திரி டிஸ்க்கையே திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒவ்வொரு பின்னாக மீட்டரில் பார்த்துச் சரிசெய்து, வேறு கம்ப்யூட்டரில் வைத்து லினக்ஸ் ஏற்றிய டிஸ்க்கை மாட்டி, பயாஸில் (கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் அடிப்படை நிரல்) பூட் வரிசையை மாற்றியதும் எழுந்துகொண்டது.

வாங்குவதானால் ஆரம்பகாலப் பெட்டியாகப் பாருங்கள். பின்னால் வந்தவற்றில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பூட் ஆகாதபடி பயாஸை மாற்றி, பயாஸ் சிப்பின்மேல் எபாக்ஸி பசையும் பூசிவிட்டார்கள். வேகம்? ஆமைதான். இருந்தாலும் அந்த 10 அங்குலத் திரையில் லினக்ஸ் வரிகள் ஓடியபோது ராத்திரி ஒரு மணி, வீட்டில் யாரையும் எழுப்பிக் காட்ட முடியவில்லை.