சாங்கி விமான நிலையம்: லிட்டில் இந்தியாவிலிருந்து விமான வாயில் வரை

சாங்கியைப் பற்றிப் பேசத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் என்னும் வணிக வளாகத்தின் கூரையிலிருந்து 40 மீட்டர் கீழே விழும் அருவியைத்தான் முதலில் சொல்வார்கள். அருவி அழகானதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் உறவினரைப் பார்க்கவும் வேலை நிமித்தமாகவும் பலமுறை சிங்கப்பூர் சென்று திரும்பிய எனக்கு அந்த விமான நிலையம் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. பயணிகள் அனைவரையும் ஒரே இடத்தில் குவித்து நெருக்காமல், வேலைகளைப் பல இடங்களுக்குப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதனால் பயணிக்கு மிச்சமாகும் நேரமும் நிதானமும்தான் என் கண்ணில் சாங்கியின் பெருமை.

நகர மையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், தீவின் கிழக்கு முனையில் நிலையம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டு முதல் எம்.ஆர்.டி. எனப்படும் நகர ரயில் அங்கே நேரடியாகச் செல்கிறது. கிழக்கு மேற்குத் தடத்தில் வருபவர்கள் தானா மேராவிலும், டவுன்டவுன் தடத்தில் வருபவர்கள் எக்ஸ்போவிலும் விமான நிலைய ரயிலுக்கு மாற வேண்டும். நம்மவர்கள் பலர் தங்குவது லிட்டில் இந்தியாவைச் சுற்றித்தான் என்பதால், பலரும் கவனிக்காத ஒரு செய்தியை இங்கே விரிவாகச் சொல்கிறேன். டவுன்டவுன் தடம் வரைபடத்தில் ஒரு கண்ணி போல வளைந்து செல்கிறது. லிட்டில் இந்தியா நிலையத்தில் எக்ஸ்போ நோக்கி ஏறினால், ரயில் ரோச்சோர், பூகிஸ், பேஃபிரண்ட், சைனாடவுன் என்று நகரின் தென்பகுதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பத்தாவது நிலையமாக ஜாலான் புசாரை அடைகிறது. அந்த ஜாலான் புசார் நிலையமோ, லிட்டில் இந்தியாவின் முக்கியத் தெருவான சிராங்கூன் சாலையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடந்தே போய்விடக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு அங்கே நடந்து சென்று ஏறினால் அந்தச் சுற்று முழுவதும் மிச்சம். மழை வரும்போல் இருந்தால் மட்டும் லிட்டில் இந்தியாவிலேயே ஏறிவிடுவது நல்லது.

கட்டணம் ஒருவருக்கு மூன்று வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) அடங்கிவிடும். விசா, மாஸ்டர்கார்டு போன்ற வங்கி அட்டையை வாயிலில் தொட்டாலே போதும். வெளிநாட்டில் வழங்கப்பட்ட அட்டையாக இருந்தால், பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு நிர்வாகக் கட்டணம் சேரும். பாதுகாப்பு அறிவிப்புகள் தமிழ் உட்பட நான்கு ஆட்சிமொழிகளிலும் வருவதால், ஆங்கிலம் அறியாத பெற்றோரை அழைத்துச் செல்லும்போது அவர்கள் தங்கள் மொழியைக் கேட்டு முகம் மலர்வதைப் பார்க்கலாம். எனக்கு அது ஒவ்வொரு முறையும் நெகிழ்ச்சியளிக்கும் தருணம்.

ரயிலை நம்ப முடியாத ஒரு வேளை உண்டு. நள்ளிரவையொட்டி நின்றுவிடும் சேவை, அதிகாலை ஐந்தரை மணி வாக்கில்தான் மீண்டும் தொடங்குகிறது. இடைப்பட்ட நேரத்தில் புறப்பட வேண்டியிருந்தால் டாக்சிதான் வழி. நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை மீட்டர் கட்டணத்தின்மேல் பாதி கூடுதலாகச் சேரும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். உலகின் முன்வரிசையில் வைக்கத்தக்க நிலையத்துக்கு இரவெல்லாம் ரயில் இல்லை என்பதை ஒரு குறையாகவே கருதுகிறேன்.

ரயில் நின்றதும் நீங்கள் இருப்பது இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையே. முதலாம் முனையத்துக்கு, முனையங்களை இணைக்கும் ஸ்கைடிரெய்ன் என்னும் சிறு ரயிலில் போகலாம். 2017இல் திறக்கப்பட்ட நான்காம் முனையம் மட்டும் இவற்றிலிருந்து விலகியிருக்கிறது. அதற்கு இலவசப் பேருந்தில் போக வேண்டும் என்பதால் கூடுதலாக அரைமணி நேரம் ஒதுக்குவது உத்தமம். உங்கள் விமானம் எந்த முனையம் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

பொருள் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. சுற்றுலாப் பயணிகளுக்கான வரித் திரும்பப் பெறும் திட்டத்தில் சேர்ந்துள்ள கடைகளில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கியிருந்தால், 9 விழுக்காட்டு ஜி.எஸ்.டி. வரியில் பெரும்பகுதியை இங்கே திரும்பப் பெறலாம். அந்தப் பொருள் பெரிய பெட்டிக்குள் போகிறதென்றால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே புறப்பாட்டுக் கூடத்திலுள்ள தானியங்கி இயந்திரத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால் அது கையில் இருக்க வேண்டும். நகை போலக் கைப்பையில் எடுத்துச் செல்பவற்றுக்குக் குடிநுழைவுச் (இமிகிரேஷன்) சோதனையைக் கடந்த பிறகு உள்ளே விண்ணப்பிக்கலாம். இந்த வரிசை தெரியாமல் பெட்டியை அனுப்பிவிட்டுத் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் முதலில் சொன்ன நிதானம் குடிநுழைவைக் கடந்ததும் புரியும். முதல் மூன்று முனையங்களில் கைப்பைச் சோதனை ஒவ்வொரு விமான வாயிலிலும் தனித்தனியாக நடக்கிறது. அதாவது, தானியங்கி வாயில்களில் கடப்பிதழ்ச் சோதனை முடிந்தவுடன், காலணியும் இடைவாரும் கழற்றும் நீண்ட வரிசை எதுவும் இல்லாமல் நேராகக் கடைகளுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே வந்துவிடுகிறோம். சோதனைக்கு நிற்பவர்கள் அந்த ஒரு விமானத்தின் பயணிகள் மட்டுமே. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. உள்ளே வாங்கிய தண்ணீர்ப் புட்டியைக்கூட வாயிலில் காலி செய்தாக வேண்டும். சோதனைக்கு அப்பாலுள்ள பல காத்திருப்பு அறைகளில் கழிவறையும் இல்லை. முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால், வாயிலுக்குள் நுழையுமுன் அதை முடித்துக்கொள்வது அவசியம். கடைசி நிமிடம் வரை கடைவீதியில் உலவுபவர்கள், சோதனை இன்னும் மிச்சமிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. நான்காம் முனையத்தில் மட்டும் சோதனை எல்லோருக்கும் ஒரே இடத்தில் நடப்பதால் அங்கே இந்த நிதானம் சற்றுக் குறைவு.

ஜுவலுக்குள் நுழையப் பயணச்சீட்டு தேவையில்லை. வழியனுப்ப வருபவர்களுக்கு வேறெந்த வசதியையும்விட இது பெரிய உபகாரம். பாட்டியும் பேரனும் அருவியைச் சுற்றி நடக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடி அவசரமாகக் கையசைக்க வேண்டியதில்லை. முதலாம் முனையம் ஜுவலை ஒட்டியே இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு மூடிய நடைபாலங்கள் உண்டு. ஆகவே, புறப்படும் நேரம் நெருங்கும்வரை எல்லோரும் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.