காகிதக் குழாய் வீடா, பெட்டியில் வரும் வீடா?

1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் காகிதக் குழாய்களைச் சுவராக நிறுத்தி, வீடிழந்தவர்களுக்குத் தற்காலிக வீடுகள் கட்டினார். மணல் மூட்டை நிரப்பிய பீர் பெட்டிகள்தான் அடித்தளம். 2001 பூகம்பத்துக்குப் பின் குஜராத்தின் புஜ்ஜில் அதே வீடு உருமாறியது: இடிந்த கட்டடங்களின் கற்களே அடித்தளம், மண் தரை, மூங்கில் கூரை. ஊரில் கிடைப்பதை ஏற்றுக்கொள்ளும் இந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பெட்டர் ஷெல்டர் என்ற பெட்டி வீடு வேறு வகை. ஐகியா அறக்கட்டளையும் ஐ.நா. அகதிகள் அமைப்பும் துணைநின்று உருவான ஸ்வீடன் வடிவமைப்பு. எஃகுச் சட்டம், பிளாஸ்டிக் பலகைகள், சூரிய விளக்கு, 17.5 சதுர மீட்டர் இடம். தட்டையான பெட்டிகளில் வரும். நாலு பேர் சில மணி நேரத்தில் பொருத்தி நிறுத்திவிடலாம். பூட்டக்கூடிய கதவும் உண்டு. கூடாரத்தில் பயந்து பயந்து தூங்கும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் 2015இல் சூரிச் நகரம் நடத்திய தீச் சோதனையில் இது தேறவில்லை. அப்புறம் வடிவமைப்பை மாற்றினார்கள்.

சரி, எதை எடுப்பது? ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டி வந்தால் பெட்டி வீடு. சொந்த ஊரிலேயே மக்கள் மறுபடி எழுகிறார்கள் என்றால் குழாய் வீடுதான். பழுதானால் அவர்களே சரிசெய்துகொள்ளலாம்.