26½ அங்குலத்திலிருந்து 28¼ வரை: ஆறு சீசன்களில் என் அம்பின் நீளம்

மிச்சிகனில் மானுக்கான வில் வேட்டை அக்டோபர் 1 அன்று தொடங்கும். நவம்பர் 15-இல் துப்பாக்கிக்காரர்கள் இறங்கும்வரை ஆறு வாரம் காடு எங்களுக்கு. அந்த ஆறு வாரத்துக்காக மீதி ஆண்டு முழுக்கப் பயிற்சி செய்கிறேன். ஆறு சீசன்களாக வில் ஒன்றுதான்: 60 பவுண்டு விசையில் இழுக்க வேண்டிய, முனைகளில் சக்கரம் உள்ள காம்பவுண்ட். வலக்கைக்காரன், இழுப்பு நீளம் (நாணைப் பின்னுக்கு இழுக்கும் அளவு) 27½ அங்குலம், விரலால் அல்லாமல் ரிலீஸ் என்ற விடுவிப்புக் கருவி வைத்து விடுகிறேன். மாறியது அம்பு மட்டும். முதலில் கவனித்திருக்க வேண்டிய அதன் நீளத்தை மூன்றாவது ஆண்டில்தான் கவனித்தேன்.

முதல் டஜனைக் கடையிலேயே 26½ அங்குலத்துக்கு வெட்டித் தந்தார்கள். குட்டையாக இருந்தால் எடை குறையும், வேகம் கூடும் என்றார்கள். 340 ஸ்பைன் (விறைப்பைக் காட்டும் எண்) ஷாஃப்ட், அதாவது அம்பின் தண்டு. 100 கிரெய்ன் முனை; கிரெய்ன் என்பது அம்பை எடைபோடும் சிறிய அலகு. ஃபீல்டு பாயின்ட் என்ற பயிற்சி முனை வைத்து 30 யார்டில் விட்டால் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள் விழும். கோடை முழுக்க அப்படித்தான் விட்டு மகிழ்ந்தேன். செப்டம்பர் கடைசி வாரத்தில் நிலையான பிளேடு உள்ள பிராட்ஹெட்டை, அதாவது வேட்டை முனையை, மாட்டினேன். அதே 30 யார்டு, அதே கை. அம்பு ஐந்து அங்குலம் இடப்பக்கம் போய் நின்றது. மூன்று அம்பும் அப்படியே.

ஏன் என்று அன்று புரியவில்லை. ஷாஃப்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு முட்டுகள்மேல் வைத்து நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறதோ, அதுதான் அதில் அச்சிட்டிருக்கும் ஸ்பைன் எண். 0.400 அங்குலம் வளைந்தால் 400, 0.340 வளைந்தால் 340. எண் குறைந்தால் விறைப்பு அதிகம். ஆனால் அது மேசைமேல் கிடக்கும் ஷாஃப்டின் கணக்கு. வில்லிலிருந்து கிளம்பும்போது பின்னாலிருந்து நாண் தள்ளும், முன்னால் முனையின் எடை நகர மறுக்கும், நடுவில் அம்பு நெளியும். முழு மூங்கில் கழியை முழங்காலில் வைத்து வளைக்கலாம். அதையே பாதியாக நறுக்கிவிட்டால் வளைப்பது கஷ்டம். அம்பும் அப்படித்தான். வெட்ட வெட்ட விறைப்பு ஏறும், முனையில் எடை கூட்டினால் தளரும். என் 340 ஏற்கெனவே 60 பவுண்டுக்கு விறைப்பு. அதை 26½-க்கு வெட்டியதில் இன்னும் விறைத்துவிட்டது.

கொஞ்சம் விறைப்பாக இருந்தால் பரவாயில்லை, தளர்வுதான் கூடாது என்பார்கள். ஃபீல்டு பாயின்ட்டுக்கு ஒத்துக்கொள்கிறேன்; அம்பு லேசாகக் கோணிக் கிளம்பினாலும் பின்னாலிருக்கும் இறகு இழுத்து நேராக்கிவிடும். நிலையான பிளேடு முன்னால் இன்னொரு இறக்கை மாதிரி வேலை செய்கிறது. கோணல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே அம்பை ஓட்டும்.

சீசனுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. விரியும் பிளேடு பிராட்ஹெட் வாங்கினேன். அது பறக்கும்போது மூடியிருப்பதால் ஃபீல்டு பாயின்ட் போலவே போனது, நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். அடுத்த ஆண்டு, கிரேலிங் பக்கம், 22 யார்டில் ஒரு கிடாமான். தோள் எலும்பில் பட்டது. பிளேடு விரியவே விசையில் ஒரு பங்கு போய்விடும். மீதி அந்த எலும்பைத் தாண்டப் போதவில்லை. இரவு பதினொரு மணிவரை விளக்கோடு தேடினேன், காலையில் நண்பர்களோடும் தேடினேன். கிடைக்கவில்லை. அந்தக் காட்டுப்பாதை இன்னும் கண்ணில் இருக்கிறது. நிலையான பிளேடுதான் இனி என்று முடிவெடுத்தது அன்றுதான். அதற்கு அம்பைச் சரிசெய்தாக வேண்டும்.

இன்னொரு காரணமும் இருந்தது. இழுப்பு நீளத்தை எழுதும்போது கைப்பிடியின் ஆழமான புள்ளிக்கு அப்பால் 1¾ அங்குலம் சேர்த்து எழுதுவார்கள். அதைக் கழித்தால் என் நாண் கைப்பிடியிலிருந்து 25¾ அங்குலம்தான் பின்னால் வருகிறது. 26½ அங்குல அம்பு அதைத் தாண்டி முக்கால் அங்குலம்தான் நீட்டியிருக்கும். அதாவது முழுதாக இழுத்து நிற்கையில் சவரக்கத்தி போன்ற பிளேடு என் ஆள்காட்டி விரலுக்கு மேலேயே. தடித்த கையுறையோடு அப்படி நின்றிருக்கிறேன் என்பதை இப்போது நினைத்தாலும் பயம் வருகிறது. அம்பு அதற்கும் குட்டையாக இருந்து ரெஸ்ட்டிலிருந்து (வில்லில் அம்பைத் தாங்கும் பகுதி) பின்னால் நழுவினால், விடும்போது கையிலேயே பாயும்.

மூன்றாம் ஆண்டு 400 ஸ்பைன் ஷாஃப்ட் வாங்கி வெட்டாமல் 30 அங்குலமாகவே வைத்துக்கொண்டேன். 125 கிரெய்ன் முனை. ரெஸ்ட்டை நடுக்கோட்டில் வைத்து அப்புறம் தொடவில்லை. இறகு ஒட்டாத ஷாஃப்டை ஆறடி தூரத்திலிருந்து காகிதம் வழியாக விட்டேன்; நேராகப் போனால் வட்டத் துளை, கோணிப் போனால் கிழிசல். பின்பக்கம் இடப்புறமாக ஒன்றரை அங்குலம் கிழித்தது. ரிலீஸ் பயன்படுத்தும் வலக்கைக்காரருக்கு அது தளர்வின் அடையாளம். கைப்பிடியை முறுக்கிப் பிடித்தாலும் இதே கிழிசல் வரும், அதனால் ஒரே நாளில் முடிவெடுக்காமல் மூன்று மாலை திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தேன். மாறவில்லை.

பிறகு அரை அங்குலம் அரை அங்குலமாக வெட்டினேன். முன்னால் முனையைத் திருகும் இன்சர்ட் ஒட்டியிருக்கும் என்பதால் பின்பக்கத்திலிருந்து வெட்டினேன். நாணில் மாட்டும் பின்முனையான நாக் பசையில்லாமல் செருகுவதுதானே. வேகமாகச் சுழலும் உராய்வுச் சக்கரம் வேண்டும், குழாய் வெட்டும் கருவி கார்பனைப் பிளந்துவிடும். முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகக் கூடாது. வெட்டிய முனை சதுரமாக இல்லாவிட்டால் நீளம் பார்த்ததெல்லாம் வீண். 29½-இல் கிழிசல் ஓரங்குலத்துக்குச் சற்று மேல். 29-இல் அரை அங்குலம். 28½-இல் கொஞ்சம்தான் மிச்சம். 28¼-இல் வட்டத் துளை. மீதி அம்புகளையும் அதே அளவுக்கு வெட்டி இறகு ஒட்டினேன். 20 யார்டில் இறகில்லாத ஷாஃப்டும் இறகுள்ளதும் ஒட்டி நின்றன. பிராட்ஹெட் மாட்டி 30 யார்டுக்குப் போனேன். ஃபீல்டு பாயின்ட்டுக்குப் பக்கத்திலேயே. அன்று சாயங்காலம் இருட்டும்வரை விட்டுக்கொண்டே இருந்தேன்.

அம்பு இப்போது சுமார் 415 கிரெய்ன். வேகம் பற்றிக் கேட்பவர்களுக்கு: கூடுதலாக விட்ட 1¾ அங்குலத்தின் எடை சுமார் 15 கிரெய்ன், வினாடிக்கு ஐந்தடி அளவுக்குத்தான் வேகம் குறையும். எந்த மானுக்கும் அது தெரியாது. முன்பாரம், அதாவது அம்பின் சமநிலைப் புள்ளி நடுவிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்ற அளவு, 12 சதவீதத்திலிருந்து 14-ஐத் தாண்டியது. அதில் நீளத்துக்குப் பங்கில்லை, 125 கிரெய்ன் முனை செய்த வேலை.

நான்காம் ஆண்டு ஒளிரும் நாக் போட்டேன். பின்னால் 14 கிரெய்ன் ஏறியதில் முன்பாரம் இரண்டு சதவீதம் போல இறங்கி, அம்பு லேசாக விறைத்தது. அதனால் பயிற்சி அம்பிலும் அதே எடையுள்ள நாக்தான் போடுகிறேன். கடந்த இரண்டு சீசனில் இரண்டு மான்கள், இரண்டிலும் அம்பு ஊடுருவி மறுபக்கம் போனது, இரண்டும் கண்பார்வைக்குள்ளேயே விழுந்தன.

பழைய 26½ அங்குல அம்புகளை மகளுக்குத் தரலாமே என்று கேட்கிறார்கள். நீளம் பொருந்தலாம், ஆனால் அவள் வில் 40 பவுண்டு, இழுப்பு 24 அங்குலம். 340 ஸ்பைன் அவளுக்கு இரும்புக்கம்பி. அவளுக்கு 600 ஸ்பைன் வாங்கி 28 அங்குலத்தில் விட்டு வைத்திருக்கிறேன். வளர்கிற பிள்ளை, இழுப்பும் கூடும். முதல் அரை அங்குலத்தை வரும் சனிக்கிழமை சேர்ந்து வெட்டுகிறோம்.