மிச்சிகன் 2023, ஒஹாயோ ஸ்டேட் 2024: எது பெரிய பருவம்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 15 ஆட்டங்களையும் வென்று பட்டம் சூடிய மிச்சிகனின் 2023 பருவத்தையும், இரண்டு தோல்விகளோடு பட்டம் வென்ற ஒஹாயோ ஸ்டேட்டின் 2024 பருவத்தையும் ஒப்பிட்டால், கணக்கில் முந்துவது மிச்சிகன்தான். தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா இடைநீக்கத்தில் இருந்த நாளில், பென் ஸ்டேட்டுக்கு எதிராக இரண்டாம் பாதியில் கணக்கில் ஏறும்படி ஒரு பாஸ்கூட வீசாமல், பந்தைச் சுமந்து ஓடியே 24-15 என வென்ற பிடிவாதமான அணி அது. ஒஹாயோ ஸ்டேட்டோ சொந்த மைதானத்தில் அதே மிச்சிகனிடம் 13-10 எனத் தோற்றது. ஆயினும் என் வாக்கு ஒஹாயோ ஸ்டேட்டுக்கே. பட்டத்தைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் மிச்சிகனுக்கு இரண்டு வெற்றிகள் போதுமாயிருந்தன. 12 அணிகளாக விரிந்த புதிய பிளேஆஃபில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு நான்கு தேவைப்பட்டன. அவற்றுள் ஒன்று, அக்டோபரில் 32-31 எனத் தங்களைத் தோற்கடித்த ஓரிகனை 41-21 எனத் திருப்பி அடித்தது.